நாலாம் இடத்தில் இக்னேசியஸ்

சனிக்கிழமை காலையில் அன்ரனெற் ஊற்றித் தருகிற தேநீரைக் குடித்துக்கொண்டே ஒன்பது பெயர்களை வரிசையாக எழுதுவதைப் போல எனக்குச் சந்தோஷம் தந்த வேலை வேறொன்றும் இல்லை. அன்ரனெற் என்னுடைய மனைவி. "இந்த மனிசனுக்குத் தன்ரை கலியாண நாள் ஞாபகமில்லை. ஆனா ஆர் எத்தினையாவதா அடிக்கிறது எண்டதை நித்திரையிலயும் சொல்லும்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் என்னைப் பகிடி பண்ணுவாள். பண்ணட்டும். கலியாண நாள் வருடத்துக்கு ஒன்றுதான். ஆட்டமோ மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை கிழமைக்குக் கிழமை வரும்.

என் பெயர் றெமிஜியஸ். கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் தமிழ்க் கத்தோலிக்கரின் பேஸ்போல் அணிக்கு நான் மனேஜர். மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் ஆடித் திரிந்த சனத்துக்கு பேஸ்போல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நகரத்துப் பெரிய பேஸ்போல் அணி இரண்டு வருடம் அடுத்தடுத்து வென்றதில் ஸ்காபரோ முழுவதும் விசர் பிடித்துக் கிடந்தது. பஸ்ஸில் ஏறினால் டிரைவரிலிருந்து கடைசி ஆசனத்தில் தூங்கி வழிகிறவர் வரைக்கும் நீலத் தொப்பி. அடுத்த வருடம், தொண்ணூற்று நாலில், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் என்று மட்டையைக் கீழே போட்டுவிட்டார்கள். பார்க்க ஆட்டமில்லை என்றால் நாங்களே ஆடுவோம் என்று சங்கத் தலைவர் அமிர்தநாதர் சொன்னார். கிழக்கு ஸ்காபரோவில் ஏழு கோயில் பங்குகள் சேர்ந்து ஏற்கெனவே ஒரு லீக் நடத்தின. கூட்டத்துக்குப் போய் ஆங்கிலத்தில் கதைக்க ஆள் வேண்டும் என்றதால் என்னை மனேஜராகப் போட்டார்கள். பேஸ்போல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆங்கிலம்தான் என்னுடைய முதல். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவன். இங்கே ஒரு கார்ப் பாகங்கள் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு இலக்கம் போடுகிறேன். ஆனால் வேலை முடிந்து வந்தால் நான்தான் எங்கள் சனத்தின் வாய். அகதி வழக்கா, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கூப்பிட்டாரா, பல்லுப் பிடுங்க வேண்டுமா, றெமி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போ. ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாவது வருடம் நாங்கள் சிரிப்புக்கு ஆளானோம். பேஸ்போலில் பந்தை அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு, பேஸ் என்ற மூன்று மூலைகளையும் தொட்டுச் சுற்றி, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்கு ஓடி வர வேண்டும். எங்கள் சூசைதாசன் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி, முதலாம் பேஸில் கிரிக்கெட் கோட்டைத் தொடுவதுபோல அதை நீட்டிக் குத்துவான். குத்திவிட்டுத் திரும்பி வந்த இடத்துக்கே ஓடியும் வருவான். அம்பயராக நின்ற தபால்காரர் ஒருநாள் சிரிப்பை அடக்க முடியாமல் முகமூடியைக் கழற்றிவிட்டுப் புல்லில் இருந்துவிட்டார். எட்டு அணிகளில் எட்டாவதாக வந்தோம்.

அப்போதுதான் நான் புத்தகம் எடுத்துப் படித்தேன். எல்லாம் வரிசையில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். முதலாவதாக, பொறுமையாக நின்று எப்படியாவது பேஸுக்குப் போகிறவன். இரண்டாவது, பந்தைத் தவறவிடாதவன். மூன்றாவது, நல்ல கைகாரன். நாலாவதாக வருகிறவன்தான் உயிர். முன்னால் போன மூன்று பேரும் பேஸ்களில் காத்துக்கொண்டு நிற்பார்கள். இவன் ஒரே அடியில் எல்லாரையும் ஹோம் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் அணியில் நாலாம் இடத்தில் இக்னேசியஸ்.

இக்னேசியஸ் மன்னாரில் கிரிக்கெட் ஆடியவன். முப்பத்தெட்டு வயது, கழுத்தில்லாத உடம்பு, தோள் மட்டும் மாட்டுத் தோள். முழங்காலுக்குக் கீழே வருகிற பந்தை மற்ற அணிக்காரர்கள் விட்டுவிடுவார்கள். இவன் அதைத்தான் தேடி அடிப்பான், பந்து வேலிக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் விழும். கிங்ஸ்டன் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். மனைவி றோஸ்மேரி கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவு செய்யப் போவாள். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் ஸ்டெபனி. அப்பா அடித்தால் ஆட்டம் பார்க்கிறவர்கள் இருக்கிற வாங்கில் ஏறி நின்று கத்துவாள். அவனை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். என் கூடப்பிறந்தவர்களில் கூட அவனைப் போல என் சொல் கேட்டவர்கள் இல்லை.

அவனிடம் ஒரேயொரு குறை, சிகரட். வாயில் ஒன்று, காதில் ஒன்று.

எனக்குப் புகை ஒத்துவராது. ஆட்டம் நடக்கிற இடத்தை நாங்கள் ஸ்ரேடியம் என்று சொல்வோமே தவிர, அது ஒரு பார்க். சுற்றிவரக் கம்பி வேலி, நாலு படி வாங்குகள், மூலையில் ஒரு ஹொட்டோக் வண்டி. காற்றில்லாத நாளில் புகை வாங்குகளுக்கு மேலேயே நிற்கும். தொண்ணூற்றாறு வசந்தத்தில் லீக் கூட்டத்தில் நான் எழுந்து, பெரிய ஸ்ரேடியங்களிலேயே இருக்கையில் இருந்து ஊத விடுகிறார்கள் இல்லை, பிள்ளைகள் வருகிற இடத்தில் நாங்கள் ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். வேலிக்குள்ளே ஒருவரும் புகைக்கக் கூடாது. ஆட்டக்காரன் பிடிபட்டால் அன்றைய ஆட்டத்திலிருந்து வெளியே. அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் இறக்க முடியாது, அவன் பெயர் வரும்போதெல்லாம் ஒரு அவுட். அந்தக் கடைசி வரியைச் சேர்த்ததும் நான்தான். பங்குத் தந்தையர் இரண்டு பேர் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள். இத்தாலிய அணியின் பந்து எறிகிறவர் இரண்டு இன்னிங்ஸுக்கு ஒரு சிகரட் இல்லாவிட்டால் கை நடுங்குகிற ஆள் என்பதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த வருடம் நாங்கள் வென்றோம், வென்றோம், வென்றுகொண்டே போனோம். கோயிலில் பூசை முடிந்தால் சனம் வாசலில் நின்று என்னிடம் வரிசையைக் கேட்கும். கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து ஆட்கள் வழிவிட்டு நின்றது அந்தக் கோடையில்தான். அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டும். ஆசைப்பட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. களஞ்சியத்தில் பெட்டிக்கு இலக்கம் போடுகிறவனுக்கு வேறு என்ன கிண்ணம் கிடைக்கப் போகிறது?

அரையிறுதியில்தான் இடி விழுந்தது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிய இக்னேசியஸைக் காணவில்லை. கழிப்பறைக்குப் பின்னால் கையும் களவுமாக அம்பயர் பிடித்துக்கொண்டு வருகிறார். என்னுடைய விதி என் தலையிலேயே விழுந்தது. அவன் பெயர் வந்தபோதெல்லாம் அவுட். எட்டுப் பேரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓட்டத்தால் தப்பினோம்.

"ஒரு மணித்தியாலம் பொறுக்கேலாதோடா உனக்கு?"

"அஞ்சு இன்னிங்ஸ் பொறுத்தனான் அண்ணை. பிறகு கை தானாப் போட்டுது."

"இறுதி ஆட்டத்திலயும் கை தானாப் போனா?"

"போகாது" என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லை. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

இறுதி ஆட்டம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை மத்தியானம் றோஸ்மேரி போன் எடுத்தாள்.

"றெமி அண்ணை, இவருக்கு நெஞ்சுக்கை இறுக்குதாம். இடது கையும் நோகுதாம். எனக்கு வேலைக்கு நேரமாகுது. ஒருக்கால் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறீங்களோ?"

நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். தமிழ் டொக்டரைப் பார்க்க ஒரு கிழமை காத்திருக்க வேண்டும், அதனால் பிளாசாவில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்கார டொக்டர், வயதானவர், அவசரப்படாதவர். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். கடதாசியை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இக்னேசியஸைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். மொழிபெயர்ப்புக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், நல்ல டொக்டர்மார் அப்படித்தான் பேசுவார்கள்.

அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இன்றோடு சிகரட்டை விட வேண்டும். மற்றது, செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைக்கு நேரம் எடுத்துத் தருகிறார், அது முடியும்வரை ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வேலைக்கும் போகக்கூடாது. நெஞ்சு மறுபடி இறுக்கினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மறக்காமலிருக்க ஒரு தாளிலும் தன் கையால் எழுதி இக்னேசியஸிடம் தந்தார்.

நான் முதலாவதைச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். டொக்டர் சொன்னதற்கு மேலேயும் இரண்டு சேர்த்து, நுரையீரல் கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டதாம், இன்னுமொரு சிகரட் பற்றினால் தான் பொறுப்பில்லையாம் என்று சொன்னேன். இக்னேசியஸின் கண் கலங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை சோதனை இருக்கிறது என்றும் சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை.

பிறகு அவனே கேட்டான். "சனிக்கிழமை விளையாடலாமோ எண்டு ஒருக்கால் கேளுங்கோ அண்ணை."

நான் டொக்டர் பக்கம் திரும்பி, செவ்வாய்க்கிழமை சோதனைக்குச் சாப்பிடாமல் போக வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் புன்னகைத்து, வேண்டாம், சாப்பிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இக்னேசியஸும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயப்பட ஒண்டும் இல்லையாம்" என்றேன். டொக்டர் சொன்னதைத்தான் சொன்னேன்.

மூன்று நாள்தானே என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சோதனை, சனிக்கிழமை ஆட்டம். இத்தனை வருடம் தாங்கிய நெஞ்சு இன்னும் மூன்று நாள் தாங்காதா? அவனுடைய இடத்தில் யாரைப் போடுவது? வாங்கில் மிச்சமிருந்தது சச்சிதானந்தன் ஒருவன்தான். எங்கள் அணியின் ஒரே சைவ சமயக்காரன், பீட்சாக் கடையில் வேலை, இருபத்தேழு வயது. ஓட விட்டால் மான். மட்டையைக் கொடுத்தால் காற்றைத்தான் அடிப்பான். இறுதி ஆட்டத்தில் நாலாம் இடத்தில் அவன் பெயரை எழுத எந்த மனேஜருக்கும் கை வராது.

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் இக்னேசியஸ் பெட்டியை எடுத்தான். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பிளாசா வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டான், காதில் இருந்ததையும் எடுத்துப் போட்டான். "டொக்டரே சொல்லிப்போட்டார் எண்டா முடிஞ்சுது" என்றான். மனிதன் சொன்னபடி செய்தான். புதன், வியாழன், வெள்ளி, ஒரு சிகரட் தொடவில்லை. ஏலக்காயைச் சப்பிக்கொண்டு திரிந்தான். வெள்ளிக்கிழமை இரவு வேலைக்கும் போய்ப் பெரிய கிடாரங்களைக் கழுவிவிட்டு வந்தான். றோஸ்மேரி எனக்குப் போன் எடுத்து அழுதாள், சந்தோஷத்தில். பதினாலு வருடமாகத் தான் கெஞ்சியும் நடக்காததை நான் ஒரு நாளில் நடத்திவிட்டேனாம். "உங்களைக் கடவுள்தான் அனுப்பினவர்" என்றாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை நல்ல வெயில். வாங்குகளில் இடமில்லாமல் சனம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பற்றீஸ், வடை, போத்தலில் தேத்தண்ணி. இத்தாலியச் சனம் மறுபக்கத்தில் மேளமும் கொடியுமாக நின்றது. நான் ஒன்பது பெயரையும் எழுதி அம்பயரிடம் கொடுத்தேன். நாலாம் இடத்தில் இக்னேசியஸ்.

இத்தாலியர்களின் பந்து எறிகிறவர் மூன்றாவது இன்னிங்ஸில் பொறுக்க முடியாமல் வேலிக்கு வெளியே போய் ஊதிவிட்டு வந்தார். வெளியே ஊதினால் விதியில் குற்றமில்லை, ஆனால் மனிதன் மூச்சிரைக்க ஓடி வந்ததில் அடுத்த மூன்று பந்தும் தலைக்கு மேலே போயின. எங்கள் சனம் சிரித்த சிரிப்பு மார்க்கம் வீதி வரைக்கும் கேட்டிருக்கும். இக்னேசியஸ் வேலிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் இரண்டு தடவையும் நன்றாகவே அடித்தான். ஏலக்காய் மணத்தோடு வந்து என் பக்கத்தில் குந்துவான். வேர்வை கொஞ்சம் அதிகம்தான். வெயில் என்று நினைத்தேன்.

கடைசி இன்னிங்ஸ். ஆறுக்கு ஆறு, சமன். கடைசியாக அடிக்கிற எங்கள் பக்கம் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் இன்னுமொரு சுற்று. இக்னேசியஸ் போனான், முழங்காலுக்குக் கீழே வந்த பந்தைத் தேடி அடித்தான். வழக்கம் போல வேலிக்கு வெளியே போகவில்லை, ஆனால் போதுமானதாக இருந்தது. முதலாம் பேஸில் போய் நின்றான். அடுத்தது சூசைதாசன். அவன் அடித்த பந்து வலது மூலைக்கு உருண்டு, வேலியின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. இந்தத் தடவை மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓடி வருகிறவனை நிற்கச் சொல்வதும் போகச் சொல்வதும் மனேஜரின் கைதான். இக்னேசியஸ் இரண்டாவதைக் கடந்து வந்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மூன்றாவதுக்கு வரும்போது என்னைப் பார்த்தான். நான் கையைச் சுழற்றினேன். போ, போ, போ. அவன் போனான். பந்தும் வந்தது. காலை நீட்டி ஹோம் பிளேட்டைத் தொட்டுக்கொண்டே குப்புற விழுந்தான்.

நான் அம்பயரின் கைகளைப் பார்த்தேன். இரண்டு கையும் அகலமாக விரிந்தன. சேஃப், அவுட் இல்லை. ஏழுக்கு ஆறு. நான் குனிந்து கொப்பியில் அந்த ஓட்டத்தைக் குறித்தேன். குறித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் எங்கள் பெடியள் எல்லாரும் சந்தோஷத்தில் அவன் மேலே விழுந்து கிடந்தார்கள். அவன் எழும்பவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

செத்த வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. "உந்தச் சிகரட்தான் மனிசனைத் திண்டது" என்றார் அமிர்தநாதர். "விட்டு மூண்டு நாளிலை செத்துப்போனானே, முந்தியே விட்டிருக்கலாம்" என்றார்கள் பெண்கள். நான் மறுக்கவில்லை. சிகரட் நெஞ்சுக்குக் கெடுதல்தானே. செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து போன் வந்தது, சோதனைக்கு ஏன் வரவில்லை என்று. றோஸ்மேரி போனை என்னிடம் நீட்டினாள். ஆட்டத்தில் ஓடும்போது விழுந்து காலமாகிவிட்டார் என்று சொன்னேன். ஓடக்கூடாது என்று அவரிடம் சொல்லவில்லையா என்று டொக்டரே கேட்டார். சொன்னேன் டொக்டர், அவர் கேட்கவில்லை, எங்கள் ஆட்கள் இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மிகவும் கவலைப்பட்டார். "என்னவாம் அண்ணை?" என்று றோஸ்மேரி கேட்டாள். "கவலையாம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

என்னால் முடிந்ததை நான் செய்தேன். கிண்ணத்தை றோஸ்மேரியின் வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். அவளுடைய கடிதம், படிவம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். அடுத்த வசந்தத்தில் ஸ்ரேடியம் வாசலில் ஒரு பலகை வைக்க லீக்கைச் சம்மதிக்க வைத்தேன். இது புகையற்ற மைதானம், சிகரட்டுக்குப் பலியான எங்கள் இக்னேசியஸின் நினைவாக என்று இரண்டு மொழியிலும் எழுதினேன். திரையை ஸ்டெபனியைக் கொண்டு விலக்க வைத்தோம். பதினொரு வயது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அந்த எழுத்தை வாசித்துவிட்டுக் காருக்குள் போய் இருந்துவிட்டாள்.

இப்போது தொண்ணூற்றொன்பது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய றோஸ்மேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்ரனெற் தேநீர் போடப் போனாள். றோஸ்மேரி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்த பழைய தாள்.

"இவரின்ரை பழைய ஜக்கற் பொக்கற்றுக்கை கிடந்தது. ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

டொக்டரின் கையெழுத்து என்று உடனே தெரிந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்துச் சொன்னேன். சிகரட்டை விட வேண்டும். செவ்வாய்க்கிழமை சோதனை. நெஞ்சு இறுக்கினால் ஆம்புலன்ஸ். அவ்வளவுதான் என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.

அவள் தாளை வாங்கி விரித்தாள். விரலை வைத்து ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினாள். நிறுத்தி நிறுத்தி, ஆனால் பிழையில்லாமல். மூன்று வருடமாகப் பின்னேரத்தில் ஆங்கில வகுப்புக்குப் போகிறாளாம். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"சோதனை முடியுமட்டும் ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வேலைக்குப் போகக்கூடாது எண்டு கிடக்கு. இதை ஏன் அண்ணை விட்டனீங்கள்?"

"அண்டைக்கு இருந்த பதட்டத்திலை மறந்துபோனன் பிள்ளை."

"அண்டைக்கு மறந்தனீங்கள். சரி. இப்ப கையிலை வச்சுக்கொண்டு வாசிக்கேக்கையும் மறந்தனீங்களோ?"

அவள் சத்தம் போடவில்லை. ஸ்டெபனி தன் தகப்பனின் படத்தை அறையிலிருந்து எடுத்துவிட்டாளாம். "அப்பாவுக்கு எங்களைவிடச் சிகரட்டைத்தான் விருப்பம்" என்று சொல்லுவாளாம். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை செத்த மனிதனோடு கோபம். இதைச் சொல்லும்போதுதான் றோஸ்மேரியின் குரல் உடைந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதித் தாங்கோ. தமிழிலை. நான் அவளுக்கு வாசிச்சுக் காட்டுறன்" என்றாள். அன்ரனெற் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் என்னைப் பகிடி பண்ணுவதில்லை.

ஆகவே எழுதியிருக்கிறேன். ஸ்டெபனி, உன் அப்பா சிகரட்டை விட்டவர். சொன்ன அன்றே விட்டவர். டொக்டர் சொன்னதை அவருக்குச் சொல்லியிருந்தால் அதையும் கேட்டிருப்பார். சொல்லாமல் விட்டது நான். கிண்ணத்துக்காகத்தான் விட்டேன்.

இன்னுமொன்று. இதை எழுதத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன், பெரிய விஷயமில்லை. ஆனால் சச்சிதானந்தன் அங்கே இருந்தவன், என்றைக்காவது அவன் சொல்லக்கூடும்.

உன் அப்பா அடித்துவிட்டு முதலாம் பேஸில் நின்றபோது, சூசைதாசன் மட்டையோடு வருவதற்கு முன்னால், ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி அம்பயரிடம் கேட்டார். நான் கிட்டப் போனேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணை, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. எனக்குப் பதிலா சச்சியை ஓட விடுங்கோ" என்றார். விதியில் அதற்கு இடமிருந்தது. சச்சி அதற்குள் எழுந்து சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டான். ஆனால் ஒருவனை எடுத்தால் அவன் திரும்ப இறங்க முடியாது. ஆட்டம் சமனில் முடிந்து இன்னுமொரு சுற்று வந்தால் நாலாம் இடத்துக்கு யார் இருக்கிறார்கள்? நான் சச்சியை இருக்கச் சொன்னேன். "கொஞ்சம் தம் பிடியடா, ஒண்டும் செய்யாது" என்று உன் அப்பாவின் முதுகில் தட்டினேன். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டு அவர் காலைப் பேஸில் வைத்தார். ஏலாது என்றால் வாய் திறந்து சொல்லியிருப்பார்தானே.